லாரிச் சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

"பஞ்சர் போட்டு, சக்கரத்தை மாட்டி, ஏர் கன் வைத்து எல்லா நட்டையும் முடுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். நூறு கிலோமீட்டர் போனதும் அப்பா லாரியை ஓரம் கட்டி, மறுபடியும் ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். ஏன் என்று கேட்டால் 'அப்படித்தான் செய்யணும்' என்கிறார். ஒருமுறை முடுக்கியது போதாதா? அப்புறம், வண்டிக்கு அடியில் படுத்து அந்த நீளமான ஷாஃப்டுக்கு கிரீஸ் அடிக்கிறாரே, அது எதற்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அப்பா செய்தது மிகச் சரி. முதல் கேள்விக்கான பதில், இயற்பியலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடங்களில் ஒன்று. அதனால் அதை நிதானமாகவே சொல்கிறேன்.

சுவரில் அடித்த ஆணியில் பை தொங்குவதுபோல, சக்கரம் பத்து ஸ்டட்களின் (நட்டு ஏறும் மரை போட்ட கம்பிகள்) மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். நட்டின் வேலை சக்கரம் கழன்று வெளியே வராமல் தடுப்பது மட்டும் என்றும் நினைத்திருப்போம். உண்மை வேறு. சரியாக முடுக்கிய சக்கரத்தில், வண்டியின் பாரத்தை ஸ்டட்கள் குறுக்கே தாங்குவதே இல்லை. தாங்குவது உராய்வு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஏழெட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தி, மொத்த வரிசையையும் தூக்குங்கள். நடுவில் இருக்கும் புத்தகத்தைத் தாங்க அடியில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது விழாது. பக்கத்துப் புத்தகங்களோடு அதற்கு இருக்கும் உராய்வு பிடித்துக்கொள்கிறது. கையின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நடுப்புத்தகம் சரியத் தொடங்கும். பின்பக்க ஜோடிச் சக்கரமும் இப்படித்தான். ஹப் (அச்சின் முனையில் சுழலும் பகுதி), பிரேக் டிரம், உள் சக்கரத்தின் டிஸ்க் (நடுவிலுள்ள இரும்புத் தகடு), வெளிச் சக்கரத்தின் டிஸ்க் என்று நான்கு 'புத்தகங்கள்' ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அழுத்தும் உள்ளங்கைதான் நட்டு.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? நட்டை முடுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. இரும்புக் கம்பி ரப்பர்போல நீளுமா என்று கேட்காதீர்கள், நிச்சயம் நீளும். இழுத்தால் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்குத் திரும்ப இழுக்கும் என்று 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியைப் பள்ளியில் சுருள்வில்லுக்குப் படித்திருப்பீர்கள். ஸ்டட்டும் ஒரு சுருள்வில்தான், மிக மிக விறைப்பான வில். கனரக லாரிகளில் பரவலாக இருக்கும் 22 மில்லிமீட்டர் ஸ்டட்டை ஏறத்தாழ 650 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் முடுக்கினால், அது 15 முதல் 20 டன் விசையோடு சக்கரத்தை ஹப்போடு சேர்த்து இறுக்குகிறது. அது ஒரே ஒரு ஸ்டட். பத்தும் சேர்ந்தால் 150 டன்னுக்கு மேல். உராய்வாக அதில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தால்கூட 25 டன். பத்து டன் சுமக்கும் அச்சில் ஒரு பக்கத்துக்கு வரும் பாரமோ ஐந்து டன். பள்ளத்தில் விழுந்து பாரம் இரண்டு மூன்று மடங்கானாலும் டிஸ்க் இம்மி நகராது.

சரி, இந்த 15 டன்னைக் கொடுக்க அந்த ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். சுமார் 0.12 மில்லிமீட்டர். நாம் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம். லாரிச் சக்கரத்தின் பிடிமானம் முழுவதும் இந்த ஒரு தாள் கனத்து இழுவையில்தான் இருக்கிறது.

வாசகியின் அப்பா வண்டியை நிறுத்தியதற்குக் காரணம் இங்கேதான் வருகிறது. டிஸ்க், டிரம், ஹப் எல்லாம் பார்வைக்குச் சமதளம். கிட்டப்போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும். மேலே பெயின்ட், இடுக்கில் துரு, கொஞ்சம் மண். புதிதாக மாட்டியதும் இந்த மேடுகளின் உச்சிதான் ஒன்றையொன்று தொடுகிறது. வண்டி ஓடும்போது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாரம் மேலும் கீழும் மாறி அமுக்க, அந்த உச்சிகள் நசுங்கிப் படிகின்றன. பெயின்ட் மெல்ல ஒதுங்குகிறது. நான்கு தொடுபரப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 0.01 மில்லிமீட்டர் படிந்தால் மொத்தம் 0.04. நட்டு ஒரு துளியும் திரும்பவில்லை, யாரும் தொடவில்லை, ஆனாலும் ஸ்டட்டின் நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! நீட்சி போனால் அதே விகிதத்தில் அழுத்தமும் போகும். டிஸ்க்குக்கு நடுவே ஒரு கோட் பெயின்ட் கூடுதலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அதன் கனமே அரைத்தாள் இருக்கும். அழகுக்காக ஹப் முகத்தில் கோட் மேல் கோட் அடிப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். சக்கரம் மாட்டும் முன் கம்பி பிரஷ்ஷால் தொடுபரப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்.

இந்தப் படிதல் பெரும்பாலும் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே முடிந்துவிடும். அதனால்தான் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி முடுக்கச் சொல்கிறார்கள். போன நீட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். பரப்புகள் ஏற்கனவே படிந்துவிட்டதால் அடுத்த முறை இழப்பு மிகக் குறைவு.

முடுக்காமல் விட்டால்? இரண்டாவது கட்டம் தொடங்கும். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், நட்டைத் தானாகக் கழற்றுவதில் எல்லா அதிர்வும் ஒன்றல்ல என்று காட்டினார். போல்ட்டின் நீள வாக்கில் அதிர்ந்தால் அதிகம் ஒன்றும் ஆகாது. குறுக்குவாக்கில் தொடுபரப்பு வழுக்கினால்தான் நட்டு மடமடவென்று கழல்கிறது. காரணம் மிக அழகானது.

மரை என்பது உருளையில் சுற்றிவிட்ட ஒரு சரிவுப் பாதை. இந்த ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர்தான் ஏற்றம். 44 அடி நடந்தால் ஓர் அடி ஏறும் அளவுக்கு மென்மையான சரிவு. இவ்வளவு குறைந்த சரிவில் உராய்வு நட்டைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உராய்வுக்கு ஒரு குணம் உண்டு. பொருள் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிராகத்தான் அது முழுப் பலத்தையும் காட்டும். பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கிவிட்டால், சரிவின் வழியே இறங்குவதைத் தடுக்க அதனிடம் பலம் மிச்சமிருக்காது. விரலில் சிக்கிய மோதிரத்தை நேராக இழுத்தால் வராது, திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். அதே கதைதான். அழுத்தம் குறைந்து டிஸ்க் பக்கவாட்டில் நகர ஆரம்பித்ததும், ஒவ்வொரு சுற்றிலும் நட்டு அந்தச் சரிவில் இம்மி இம்மியாக இறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தம் இன்னும் குறைகிறது, நகர்வு கூடுகிறது. ஒரு கட்டத்தில் உராய்வு விட்ட பாரம் முழுவதும் ஸ்டட்களின் மேல் குறுக்கே விழுந்து, ஒவ்வொன்றாக முறிக்கிறது. கடைசியில் ஓடும் லாரியிலிருந்து நூறு கிலோ எடையுள்ள சக்கரம் தனியாக உருண்டு போகிறது.

"அப்படியானால் முதலிலேயே ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, ஏறி நின்று இறுக்கிவிட்டால் என்ன?" என்பார்கள். இறுக்க இறுக்க நல்லது என்பது எனக்குத் தெரிந்து பட்டறைகளில் ஆழமாக வேரூன்றிய மூடநம்பிக்கை. ஹூக்கின் விதிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிடும், வில்லாகத் திரும்பி இழுக்கும் பலம் குறையும். அடுத்த முறை அது சீக்கிரம் முறியும். ஏர் கன்னிலும் இதே சிக்கல்தான். காற்றழுத்தத்தைப் பொறுத்து அது கொடுக்கும் விசை மாறிக்கொண்டே இருக்கும். அதில் ஓரளவு முடுக்கிவிட்டு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கணக்காக முடிப்பதே முறை. எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும் இடது மரை இருக்கும், அதைத் தலைகீழாகத் திருப்பி முடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் போகிறது. ஏறக்குறைய பாதி நட்டின் முகத்து உராய்விலும், மீதி மரை உராய்விலும் செலவாகிறது. மரையில் துரு ஏறினால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் சுருங்கிவிடும். ரெஞ்ச் சரியான எண்ணில் 'டிக்' என்று சொல்லும், ஸ்டட்டோ பாதிதான் நீண்டிருக்கும். கிரீஸை அள்ளிப் பூசினால் நேர்மாறாக, அதே எண்ணில் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். அதனால் எண்ணெய் விடலாமா, எங்கே எத்தனை சொட்டு என்பதற்கு அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே சட்டம். டிஸ்க்கின் தொடுபரப்பில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது, அங்கே நமக்கு வேண்டியதே உராய்வுதான்.

நட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் செம்பழுப்புக் கோடுகள் நீண்டிருந்தால் உடனே நில்லுங்கள். அசையும் பரப்புகள் அரைத்துத் தள்ளிய இரும்புப் பொடி துருப்பிடித்த தடம் அது. சில லாரிகளின் நட்டுகளில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் முள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நட்டின் முள்ளை நேராகப் பார்க்கும்படி வைத்துவிட்டால், ஒரு நட்டு லேசாகத் திரும்பினாலும் கண்ணில் பட்டுவிடும். எவ்வளவு எளிய யோசனை! உராய்வையும் நட்டு போல்ட்டையும் ஆராய்கிறேன் என்றால் பெரிய நிதி கிடைப்பது கடினம். அது எனக்கு வருத்தம்தான். உலகத்தில் ஓடும் ஒவ்வொரு இயந்திரத்தையும் பிடித்து வைத்திருப்பது இதுதானே.

டயர் பற்றி இரண்டு வரி. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகி ரப்பரையும் உள்ளே உள்ள இழைகளையும் வேகவைக்கிறது. ஜோடியில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாததால் அதன் காற்றைப் பார்க்காமல் விடுவது வழக்கமான தவறு. ஜோடி டயர்களின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் டயரில் விட்டம் வெறும் 6 மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலும், இரண்டும் ஒரே ஹப்பில் கட்டப்பட்டிருப்பதால், கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6 மீட்டர் தூரம் ரப்பர் சாலையில் தேய்ந்தே ஆக வேண்டும்.

இனி அந்த நீள ஷாஃப்ட். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அது. பின் அச்சு மேலும் கீழும் ஆடுவதால், கோணம் மாறினாலும் சுழல வேண்டும். அதற்குத்தான் இரு முனையிலும் சிலுவை வடிவ ஜாயின்ட். இதற்கும் ஹூக்கின் பெயர் உண்டு, ஹூக் ஜாயின்ட் என்பார்கள். கோணத்தில் சுழலும்போது இந்த ஜாயின்ட் வேகத்தைச் சீராகக் கடத்தாது. பத்து டிகிரி கோணத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோளாறைப் பின் ஜாயின்ட் அப்படியே தலைகீழாகச் செய்து சரிக்கட்டுகிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் சிலுவையைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் இது நடக்கும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டுபவர், நடுவிலுள்ள பல்லிணைப்பில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வண்டி நடுங்கத் தொடங்கும். கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்டில் அடையாளம் வைப்பது அதற்காக.

சிலுவையின் நான்கு முனையிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங் இருக்கிறது. அவை முழுச் சுற்று சுற்றுவதில்லை, முன்னும் பின்னும் லேசாக ஆடுகின்றன. ஆடும் இடம் சிறியது என்பதால் கிரீஸ் தானாகப் பரவாது, ஊசி பதிந்த இடத்திலேயே பள்ளம் விழும். அதனால் கிரீஸ் அடிக்கும்போது பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறி, நான்கு மூடிகளின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்த நான்காவது பேரிங் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா அடியில் படுத்துக்கொண்டு பார்ப்பது அந்த நான்காவது மூடியைத்தான்.