ஏற்காட்டு இறக்கத்துக்கு எந்த பிரேக் டிஸ்க்?

சேலத்தில் என்னிடம் வேகத்திறன் மிக்க காரைக் கொண்டுவந்து, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க்கை மாற்றச் சொல்பவர்களில் பலர், துளையிட்ட டிஸ்க்கைத்தான் முதலில் கேட்கிறார்கள். அலாய் சக்கரத்தின் இடைவெளியில் அது எடுப்பாகத் தெரியும். ஆனால் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் காருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழே வரும்போது சுமார் 1.6 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். இரண்டாவது கியரில் வந்தால் எஞ்சின் அதில் கணிசமான பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பெரும்பகுதி டிஸ்க்கில்தான் வெப்பமாகச் சேரும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்வது வார்ப்பிரும்பின் எடை. வெளியேற்றுவது இரு முகங்களுக்கு நடுவிலுள்ள காற்றுவழி. துளையிட்டால் எடை குறைகிறது. அத்துடன், சூடேறுவதும் குளிர்வதுமாக இருக்கும் டிஸ்க்கில் துளையின் விளிம்பிலிருந்துதான் மயிரிழை விரிசல் கிளம்பும். நகத்தால் வருடினாலே அது தட்டுப்படும். பக்கத்துத் துளையை எட்டிவிட்ட விரிசலோடு ஒரு டிஸ்க்கை ஓட்டவே கூடாது.

ஆகவே, நிறுவனம் குறித்த அதே விட்டமும் தடிமனும் கொண்ட, துளையில்லாத காற்றுவழி டிஸ்க்கே போதும். முகத்தில் கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை, அதை அழுத்திப் பிடிக்கும் பேட் மட்டும் சீக்கிரம் தேயும். காற்றுவழிக்குள் இருக்கும் தடுப்புகள் வளைந்திருந்தால் இடது, வலது வேறுபடும் என்பதால் மாற்றிப் பூட்டக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் தவறு.

பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து மாட்டச் சொல்பவர்கள், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை முதலில் பார்க்கட்டும்; கடைந்தபின் அதற்குக் கீழே போகுமென்றால் கடையவே வேண்டாம்.

புதிய டிஸ்க் பூட்டியும் ஸ்டியரிங் நடுங்குவதாகச் சொல்லப்படும் கார்களில் நான் முதலில் பார்ப்பது டிஸ்க் பொருந்தும் சக்கர மையமான ஹப்பின் முகத்தைத்தான். அங்கே துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தாலே டிஸ்க் கோணலாகச் சுழலும். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் கழற்றி, ஹப்பைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டே மறுபடி பூட்டுகிறேன்.

பிரேக் ஆயிலையும் கூடவே மாற்றிவிடுங்கள். டாட் 4 தர ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கக்கூடும், அப்போது இறக்கத்தின் நடுவிலேயே ஆயில் கொதித்து பெடல் அமுங்கிப்போகும். புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, ஆள் நடமாட்டமற்ற சமவெளிச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை, முழுதாக நிறுத்திவிடாமல், வேகத்தைக் குறைத்துப் பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.