லோத்தோங் எந்த மரத்திலிருந்து தாவும்?

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் போய்வருகிற நம்மவர்களுக்குக் குரங்கு புதிதல்ல. பையைப் பறித்துக்கொண்டு ஓடுவது நீளவால் குரங்கு. மேலே கிளையில் உட்கார்ந்து இலை மென்றுகொண்டிருக்கும் சாம்பல் நிறக் குரங்கு வேறு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். மலாயில் அதை லோத்தோங் என்பார்கள். குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும்.

லோத்தோங் மரத்தைவிட்டு இறங்க விரும்பாது. நடுவே சாலை வந்து கிளைகளின் தொடர்ச்சி அறுந்துபோனால் வேறு வழியில்லை, இறங்கித்தான் கடக்க வேண்டும். வண்டியில் அடிபடும், மின்கம்பியைப் பிடித்தும் சாகும். சாலைக்கு மேலே பாலம் கட்டலாம், சரி. எங்கே கட்டுவது? நம் வசதிக்கு ஓர் இடத்தில் கட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

மாணவர்களின் உழைப்பு தேவைப்படுவது இங்கேதான். 2016இல் குரங்கு ஆய்வாளர் யாப் ஜோ லீன் தொடங்கிய ‘லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு’ என்ற லோத்தோங் பாதுகாப்புத் திட்டம் மாணவர்களையும் ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டே இயங்குகிறது. குரங்குகளைக் கவனிக்க எளிய முறை ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணில் படும் ஒவ்வொரு குரங்கும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும்: தின்கிறதா, தூங்குகிறதா, பேன் பார்க்கிறதா, நகர்கிறதா. எந்த மரம் என்பதையும் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மனதுக்குப் பிடித்ததை மட்டும் எழுதினால் நோட்டு முழுக்கச் சண்டையும் தாவலுமாக நிறைந்துவிடும். மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்து செரித்துக்கொண்டிருந்தது விடுபடும். கடிகாரம் பார்த்து எழுதிய குறிப்புகளை வரைபடத்தில் போட்டால் கூட்டம் வழக்கமாகப் போகும் பாதை தெரியும்.

2019இல் பினாங்கின் தெலுக் பாஹாங் பகுதியில் சாலைக்கு மேலே ஒரு பாலம் வந்தது. பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு செய்தது. ‘ஆ லாய்’ என்ற ஆண் லோத்தோங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். நீளவால் குரங்கு, அணில், லோத்தோங் மூன்றுமே அதில் கடப்பது தானியங்கிக் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் ஊருக்குச் சொல்லும் வேலை. இதுதான் கஷ்டம். “வாயில்லா ஜீவனுக்குப் பழம் போடறது புண்ணியம்தானே தம்பி?” என்று ஓர் அக்கா கேட்டால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை, வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போலவே லோத்தோங்கின் வயிறும் அறை அறையாகப் பிரிந்தது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் இலையின் நாரை மெதுவாக நொதிக்கவைத்துச் சத்தாக்கும். ரொட்டியோ இனிப்புப் பழமோ நிறைய உள்ளே போனால் நொதித்தல் வேகமெடுத்து, அமிலம் கூடி, வயிறு ஊதிவிடும். அதோடு, சாலையோரத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு பாலத்தையா தேடும்? நேராகத் தாருக்கே இறங்கிவரும்.