அது வலிப்புக் களை இல்லை

“வலிப்பு வந்த களை எண்டுதான் நினைச்சம் டொக்டர். படுத்து எழும்பினா சரியாகும் எண்டு விட்டிட்டம்.”

மூதூர்ப் பக்கத்திலிருந்து நாலு வயதுப் பேத்தியைத் தூக்கி வந்த அம்மம்மா அழுதுகொண்டே சொன்னது இது. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வலது கையும் வாயின் வலது ஓரமும் வெட்டி வெட்டி இழுத்திருக்கின்றன. சில நிமிடங்களில் நின்றுவிட்டது. அதன்பின் அந்தக் கை எழும்பவில்லை. முதல் நாள் பார்வை பார்த்து நூல் கட்டினார்கள். அடுத்த நாள் ‘களை’ போகட்டும் என்று படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள்தான் எங்களிடம் வந்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. பாரிசவாதம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தகப்பன் கேட்டார்: “அது வயசானவங்களுக்கு வாற வருத்தமெல்லே?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. இல்லை ஐயா, இல்லை. பிரஷரும் சீனியும் சிகரெட்டும் பெரியவர்களின் காரணங்கள். பிள்ளைகளின் காரணங்கள் வேறு. பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு வரலாம். அம்மாள் வருத்தம் (கொப்புளிப்பான்) மாறிச் சில மாதங்கள் கழித்து, மூளைக்குப் போகும் குழாய் சுருங்கி வரலாம். மூளைக்காய்ச்சலோடு வரலாம். விழுந்து கழுத்தில் அடிபட்ட பிறகு, குழாயின் உட்சுவர் கிழிந்தும் வரலாம். எந்தக் காரணமும் முன்கூட்டித் தெரியாமல், நேற்று வரை ஓடி விளையாடிய பிள்ளைக்கும் வரலாம். பிறந்து ஓரிரு நாளான சிசுவுக்கும் வரும். வயது இதற்கு வேலி அல்ல.

பெரியவருக்கு வாய் கோணி, கை விழுந்தால் எல்லோருக்கும் புரிகிறது. பிள்ளைகளில் பாரிசவாதம் வலிப்போடு தொடங்குவது பெரியவர்களைவிட அதிகம். சிசுக்களில் பெரும்பாலும் வலிப்புத்தான் முதல் அறிகுறி: ஒரு கையோ காலோ தாளம் போட்டதுபோல் துடிக்கும், சில வேளை மூச்சு நின்று நின்று வரும்.

வலிப்புக்குப் பிறகு சிறிது நேரம் ஒரு பக்கம் சோர்வது உண்மைதான். பெரும்பாலும் சில மணித்தியாலங்களில், கூடினால் ஓரிரு நாளில் மாறும். ஆனால் அந்தச் சோர்வா இந்த அடைப்பா என்பதை வீட்டில் பிரித்தறிய முடியாது. கண்ணால் பார்த்து எங்களாலேயே முடியாது. முதல் மணித்தியாலங்களில் எடுக்கும் சி.டி.கூடச் சாதாரணமாகத் தெரியலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. கேட்கிறோம். வீண் அலைச்சல் என்று கோபப்படாதீர்கள்.

காய்ச்சல் வலிப்பு என்று நீங்களே பெயர் வைக்கவும் வேண்டாம். அது ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், காய்ச்சலோடு, பெரும்பாலும் உடல் முழுதும் வரும். காய்ச்சலே இல்லாமல் வந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், முடிந்தபின் கை கால் அசையாவிட்டால், பேச்சுக் குழறினால், உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு கட்டத் தேவையில்லை. வெருகலோ குச்சவெளியோ, தூரத்தில் இருப்பவர்கள் இன்னும் முந்த வேண்டும்.

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாய்க்குள் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். கையில் திறப்பைத் திணிப்பதால் எந்த வலிப்பும் நிற்பதில்லை. தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தால் எங்களுக்குப் பெரிய உதவி. இருதயக் கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டு வாருங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் அம்மாள் வந்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். நூல் கட்ட வேண்டுமா? வண்டிக்குச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இன்னொன்று. “ஆறு மாதத்திலேயே என்ர பிள்ளை இடக்கையன்” என்று பெருமையோடு சொல்லும் தாய்மாரைப் பார்க்கிறேன். ஒரு வயதுக்கு முன் பிள்ளை இரண்டு கையாலும் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு கையையே பாவித்து மற்றதை மூடி வைத்திருந்தால், பிறக்கும் காலத்தில் யாரும் கவனிக்காமல் போன அடைப்பாக அது இருக்கலாம். தயவுசெய்து அடுத்த ஊசி நாள் வரும்வரை பார்த்திராமல் இந்தக் கிழமையே கொண்டுவந்து காட்டுங்கள்.