மூக்குத் தண்டு வளைவு: காப்பீட்டு அட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மூக்குத் தண்டு (இரு நாசித் துவாரங்களுக்கும் நடுவில் உள்ள சுவர்) வளைந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் கடனுக்குத்தான் அலைகிறார்கள். பீரோவுக்குள் இருக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை நினைவுக்கே வருவதில்லை.

2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம், 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம்.

மூச்சு விடுவதற்கான சிகிச்சைக்குத்தான் பணம். மூக்கை அழகாக்கிக்கொள்வதற்கு இல்லை. விபத்தில் நொறுங்கிய எலும்பைச் சரிசெய்வது அழகு சிகிச்சை ஆகாது. ஆகவே எத்தனை மாதமாக அடைப்பு, எந்த மருந்தில் குணமாகவில்லை, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பதெல்லாம் மருத்துவரின் குறிப்பில் தெளிவாக இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி தரும்.

முன் அனுமதி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். என் சித்தப்பா ஒரு மருத்துவமனையில் முன்பணம் கட்டிப் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் அட்டையை நீட்டினார். கட்டிய பணம் திரும்பி வரவேயில்லை. சேருவதற்கு முன்பே, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குரிய சிகிச்சையை அங்கே செய்கிறார்களா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் இதே எண்ணில் புகார் செய்யலாம்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, நாசித் துவாரத்தின் உட்புறமாகவே செய்துவிடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது. விழித்தெழுந்ததும் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால் வாயால்தான் மூச்சுவிட வேண்டும். தொண்டை வறளும், தலை கனக்கும். அந்த முதல் இரவுதான் கடினம். பஞ்சை வழக்கமாக ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு உள்ளே மெல்லிய தகடு வைப்பார்கள். அதை எடுக்க ஒரு வாரம் ஆகலாம்.

வீட்டுக்கு வந்தபின் தலையணையை உயர்த்திப் படுங்கள். உப்புநீர் மருந்தால் மூக்கைக் கழுவச் சொன்னால் தவறாமல் கழுவுங்கள். மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சில நாள் ரத்தம் கலந்த சளி வருவது இயல்பு. உள்ளே வீக்கம் வடியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்திலேயே ‘அடைப்பு போகவில்லையே’ என்று மனம் உடைந்துவிடாதீர்கள்.

ரத்தம் நிற்காமல் வழிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர் போன்ற திரவம் தொடர்ந்து சொட்டினாலோ, மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.