காதல் முறிஞ்ச பிள்ளைக்குக் கலியாணம் மருந்து இல்லை

போன கிழமையும் ஒரு அம்மா மகளை என்னட்ட ஆலோசனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தா. பிள்ளைக்குக் காதல் முறிஞ்சு ரெண்டு மாசம், சாப்பாடும் இல்லை நித்திரையும் இல்லை. அம்மாட ஹேண்ட்பேக்குக்குள்ள கனடா மாப்பிள்ளையின்ட சாதகம். "கொஞ்சம் கதைச்சுத் தெளிய வச்சு விடுங்கோ, ஆவணிக்குள்ள கலியாண எழுத்தை முடிச்சிடலாம்" எண்டு சொல்லுறா. இதையே எத்தனை அம்மாமார் சொல்லிக் கேட்டுட்டன், அதான் இண்டைக்கு எழுதுறன். (ஆரெண்டு தெரியாமல் விபரங்களை மாத்தியிருக்கிறன்.)

கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும் எண்டுறது பிழை. "வேற ஒரு ஆளைப் பார் மச்சான்" எண்டு கூட்டாளிமார் சொல்லுறதும் அதே பிழைதான். அந்தப் பிள்ளை இழந்தது ஒரு பெடியனை மட்டும் இல்லை, 'நான் ஒரு ஆளுக்கும் வேண்டாதவள்' எண்டு நம்பத் தொடங்கிட்டா. புதுசா ஒருத்தர் வந்து பிடிச்சிருக்கு எண்டால் கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்கும்தான், ஆனா அதுவும் இன்னொருத்தர் குடுத்த சம்மதம்தானே, அவர் ஒரு நாள் மெசேஜுக்கு ரிப்ளை பண்ணாட்டில் பிள்ளை திரும்ப விழுந்திடும், அதுவும் இந்த முறை ஊரும் தெரியாத நாட்டில, தாயும் பக்கத்தில இல்லாமல். ஒண்டும் தெரியாமல் வந்து தாலி கட்டப்போற அந்தப் பெடியன் என்ன பாவம் செய்தவர்?

தன்னம்பிக்கை அப்பிடி வாறது இல்லை. அல்பேர்ட் பந்துரா எண்ட உளவியலாளர் 1977லயே இதை எழுதிட்டார்: 'என்னால ஏலும்' எண்ட நம்பிக்கைக்கு மற்றவை சொல்லுற ஆறுதலைவிட, ஒரு வேலையை நாங்களே செய்து முடிச்ச அனுபவம்தான் பலம் கூட.

இந்தப் பிள்ளை கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போறவ. பழைய ஆள் பம்பலப்பிட்டியில ஏறுவார் எண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸையே விட்டுட்டா, தினம் பிக்மீ ஆப்பில ஆட்டோ, சம்பளத்தில பாதி அதிலயே போகுது. அழுகையைவிட எனக்கு இதுதான் கவலை, ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். அதால முதல்ல பஸ்ஸில இருந்துதான் தொடங்கினம். ஞாயிறு காலமை, அவர் வராத நேரம், வெள்ளவத்தையில ஏறிப் பம்பலப்பிட்டியில இறங்கித் திரும்ப பஸ்ஸில வீட்டை போறது, அவ்வளவுதான். அது பழகினாப்பிறகு கிழமை நாளில வேற நேரத்தில. கடைசியாத்தான் வழமையான பஸ். மனசு சரியானாப்பிறகு செய்வம் எண்டு இருந்தால் நடக்காது, முதல்ல செய்யவேணும், மனசு பின்னால வரும்.

அடுத்தது போன். கதைச்சுக்கொண்டு இருக்கேக்கயே கவிட்டு வச்ச போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறா, அவர்ட ஸ்டேட்டஸைப் பார்க்கவெண்டே தங்கச்சியின்ட நம்பரில ஒரு வாட்ஸ்அப். 2010ல ஹெலன் ஃபிஷர் எண்ட மானிடவியலாளரின்ட குழு, காதல் முறிஞ்ச 15 பேருக்கு அவையின்ட பழைய ஆளின்ட படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தவை. கொக்கெய்ன் போதை ஏக்கத்தில வேலை செய்யிற பகுதிகள் அதிலயும் வேலை செய்திருக்கு. 'ஒருக்கால் மட்டும் பார்ப்பம்' உங்களுக்குச் சரிவராது பிள்ளையள். நம்பரை அழிச்சுவிடுங்கோ, மியூட் பண்ணுங்கோ, ராத்திரியில போனை அறைக்கு வெளியில வையுங்கோ. பொதுவான கூட்டாளிமாரிட்ட "அவர் எப்பிடி இருக்கிறார்" எண்டு விசாரிக்கிறதும் வேண்டாம்.

பெடியளுக்கும் இதுதான். குடிச்சு மறக்கப் பார்க்காதேங்கோ, குடி நித்திரையைக் கெடுக்கும், நித்திரை இல்லாட்டில் கவலை இரட்டிப்பாகும்.

அம்மா அப்பாமாரே, "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" எண்டு தயவுசெய்து சொல்லாதேங்கோ. கனபேர் காதலையே வீட்டுக்கு ஒளிச்சு வச்சிருந்த பிள்ளையள், அழக்கூட இடம் இல்லாமல் பாத்ரூமுக்குள்ள தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு அழுறவை. பக்கத்தில இருங்கோ, சாப்பாட்டைப் போட்டுக் குடுங்கோ, கேள்வி கேக்காதேங்கோ.

இந்தப் பிள்ளையைப் போல ரெண்டு கிழமைக்கு மேல சாப்பாடு, நித்திரை, வேலை எல்லாம் குழம்பிக் கிடந்தால் டொக்டரிட்டக் காட்டவேணும். சாகவேணும் போல இருக்கு எண்டு ஒரு சொல் வந்தாலும் 'சும்மா வெருட்டுறா' எண்டு விட்டிடாதேங்கோ, நேராக் கேளுங்கோ, கேட்டதால அந்த எண்ணம் வராது. தனிய விடவேண்டாம். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ட 1926 நம்பருக்கு எந்த நேரமும் அடிக்கலாம், அண்டைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, விடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ.