பெரிய எழுத்து மரியாதைக் குறி அல்ல

குன்னூரில் ஒரு சிறிய அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புரூஃப் பார்த்துவருகிறேன். சென்ற வாரம் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், ஆங்கிலத்தில் எழுதிய வேலை விண்ணப்பத்தை டி.டி.பி. செய்யக் கொண்டுவந்தார். ‘ஃபாதர்’, ‘டிகிரி’, ‘ஹார்டு ஒர்க்’ என்று வரிக்கு நான்கு சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்க, ‘தமிழ்’ என்ற சொல்லின் முதலெழுத்து மட்டும் சிறியதாக இருந்தது. திருத்திக் கொடுத்தபோது, “அப்பாவைச் சின்ன எழுத்தில் போட்டால் மரியாதைக் குறைவு இல்லையா சார்?” என்று கேட்டார். இந்த மாதத்தில் மட்டும் இந்தக் கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

தமிழின் 247 எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற பேதம் இல்லை. நமக்கு மரியாதை ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்று வினைமுற்றிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஆர்’ விகுதி இல்லாததால், அதன் வேலையைப் பெரிய எழுத்து செய்வதாக நாமே எண்ணிக்கொள்கிறோம். அது அப்படியன்று. கொலைக் குற்றவாளியின் பெயரும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ‘நான்’ என்பதற்கான ‘ஐ’ எங்கு வந்தாலும் பெரிய எழுத்து. ‘நீங்கள்’ என்பதற்கான ‘யூ’ வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்து. மரியாதைதான் காரணமென்றால், தன்னை உயர்த்தி எதிரிலிருப்பவரைத் தாழ்த்துவதா மரியாதை?

பெரிய எழுத்து, வாக்கியம் தொடங்குவதையும், ஒரு சொல் தனிப்பெயர் என்பதையும் காட்டுகிறது. ‘மை ஃபாதர்’ என்னும்போது அது உறவைக் குறிக்கும் பொதுச்சொல், ஆகவே சிறிய எழுத்து; பெயருக்குப் பதிலாக ‘ஃபாதர்’ என்றே அழைத்தால் பெரிய எழுத்து. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை ‘தொட்டபெட்டா பீக்’ என்று முழுப்பெயராக எழுதும்போது ‘பீக்’ பெரிய எழுத்து பெறும். நீலகிரியின் உயர்ந்த சிகரம் என்று விவரிக்கும்போது அதே சொல் சிறிய எழுத்துக்கு இறங்கிவிடும். வரையாட்டுக்கான ‘நீலகிரி தார்’ என்பதில் ‘நீலகிரி’ மட்டும் பெரிய எழுத்து. மே மாதத்துக்குப் பெரிய எழுத்து உண்டு, ‘சம்மர்’ என்ற பருவத்துக்கு இல்லை. குறிஞ்சியின் தாவரவியல் பெயரான ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’வில் முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து, தங்கும் விடுதிக் கையேடுகளில் இரண்டுக்கும் போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

அளவைகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கிலோமீட்டரின் சுருக்கத்தில் இரண்டும் சிறிய எழுத்துகளே. மின்சார அளவில் ‘எம்’ பெரியதானால் மெகாவாட், சிறியதானால் மில்லிவாட். இடையிலுள்ள வேறுபாடு 100 கோடி மடங்கு. பைக்காரா நீர்மின் நிலையத்தைப் பற்றி ஒரு பள்ளி மலருக்கு வந்த கட்டுரையில் இந்தப் பிழையைக் கடைசிப் புரூஃபில்தான் பிடித்தேன்.

விண்ணப்பப் படிவத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது கையெழுத்து தெளிவாகத் தெரிவதற்காக. அதைப் பார்த்துக் கடிதம் முழுவதையும் பெரிய எழுத்திலேயே எழுதாதீர்கள். சொற்களெல்லாம் ஒரே உயரத்தில் நின்று கண்ணைச் சோர்வாக்கும். ஈய எழுத்துக் காலத்தில் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும், அடிக்கடி தேவைப்படும் சிறிய எழுத்துகளைக் கைக்கு எட்டும் கீழ்ப் பெட்டியிலும் வைத்துக் கோத்தார்கள். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர்கள் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

ஐயம் இருந்தால் சிறிய எழுத்திலேயே விட்டு, அச்சுக்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். மொழியின் பெயரிலும் மக்களின் பெயரிலும் மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள். தமிழ், படுகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகிய அனைத்தும் தனிப்பெயர்கள். நம் பிள்ளைகள் தங்கள் தாய்மொழிக்கு எதிரே சிறிய எழுத்தைப் போட்டு அனுப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தயவுசெய்து ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.