குணச்சித்திர நடிகை: சொல் விளக்கம்

கேரக்டர் ஆக்ட்ரஸ் என்பதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் குணச்சித்திர நடிகை. வயதிலும் பேச்சுவழக்கிலும் நடையிலும் வாழ்க்கைத் தரத்திலும் தன்னிலிருந்து விலகி நிற்கும் ஒருத்தியாகவே மாறிவிடுபவர் என்று பொருள்.

கிரேக்கத்தில் காரக்டேர் என்றால் செதுக்கும் கருவி. அது பதிக்கும் முத்திரைக்கும் அதே பெயர். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ், முகத்துதிக்காரன், கஞ்சன், ஓயாமல் பேசுபவன் என 30 வகை மனிதர்களைச் சொல்லால் தீட்டிய நூலின் தலைப்பும் இந்தச் சொல்தான். இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் எழுத்தையும் குறியையும் சுட்டியது. பிறகு மனித இயல்பை, அதன்பின் நாடகப் பாத்திரத்தை. கணினித் தமிழில் வரியுரு (ஓர் எழுத்து, எண் அல்லது குறி) என்று மொழிபெயர்க்கப்படும் கேரக்டரும், பேச்சில் 'அவன் கேரக்டர் சரியில்லை' என்பதும் இதே வேரின் கிளைகள். குணத்தைச் சித்திரமாகத் தீட்டுவது என்ற நம் சொல், தியோஃபிராஸ்டஸ் செய்ததற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கிறது.

பொருளை முழுதாக விளங்கிக்கொள்ள பிரிட்டிஷ் நடிகை ஜீன் அலெக்சாண்டரைப் பார்க்க வேண்டும். 1926-இல் லிவர்பூலில் பிறந்தவர். நூலக உதவியாளராக இருந்துவிட்டு, வட இங்கிலாந்தின் ரெபர்ட்டரி நாடகக் குழுக்களில் தேர்ந்தார். அக்காலத்தில் இத்தகைய குழுக்கள் பலவற்றில் வாரம் ஒரு நாடகம் மாறும். பகலில் அடுத்த வாரத்துக்கான ஒத்திகை, இரவில் இந்த வார நாடகம். இருபது வயதுப் பெண்ணும் கிழவி வேடம் கட்டியாக வேண்டும். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் குணச்சித்திரக் கலைஞர்கள் பலருக்கு இதுதான் பட்டறை.

கொரனேஷன் ஸ்ட்ரீட் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் 1964 முதல் 1987 வரை ஹில்டா ஆக்டன் என்ற துப்புரவுப் பணியாளராக வந்தார். தலையில் முடியைச் சுருளாக்கும் சுருட்டிகள், மேலே கட்டிய துணி, மேலங்கி, கிறீச்சிடும் பாட்டு. சுருட்டிகள் வெறும் வேடிக்கைக்கு வைத்தவை அல்ல. போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்கள், மாலையில் வெளியே போக அழைப்பு வந்தால் முடி தயாராக இருக்கட்டும் என்று துணிக்குள் சுருட்டியோடு வேலை செய்வதை அவர் கவனித்திருந்தார். ஹில்டாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வருவதேயில்லை. ஓர் ஒப்பனைப் பொருளுக்குள் ஒரு வாழ்க்கையின் ஏமாற்றமே அடங்கிவிட்டது. இந்தக் காரணம் இல்லாமல் சுருட்டியை மட்டும் மாட்டினால் கிடைப்பது கேலிச்சித்திரம். இந்த வகை நடிப்பு பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கணவர் ஸ்டானாக நடித்த பெர்னார்டு யூவன்ஸ் 1984-இல் காலமானார். கதையிலும் ஸ்டான் இறக்க, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து ஹில்டா உடைந்து அழும் காட்சி வந்தது. அதுவரை இருபதாண்டு சிரிக்கவைத்த அதே உடம்பும் குரலும்தான் அதில் அழுதன. 1987 கிறிஸ்துமஸ் நாளில் அவர் விடைபெற்ற பகுதியை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மறு ஆண்டு முதல் 2010 வரை லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன் தொடரில் பழம்பொருள் கடை நடத்தும் பேராசைக்காரி வெயின்ரைட் அத்தை. ஹில்டாவின் சாயல் துளியும் இல்லை. 2016-இல், 90 வயது நிறைந்த மூன்றாம் நாள் காலமானார்.

இவரைத் துணை நடிகை என்று எழுதுவது பிழை. துணை என்பது கதையில் பாத்திரத்தின் இடத்தைச் சொல்வது; குணச்சித்திரம் நடிக்கும் முறையைச் சொல்வது. போதாததற்கு, தமிழ்த் திரையுலகில் கூட்டக் காட்சிகளில் வருபவர்களையும் துணை நடிகர் என்றே அழைக்கிறார்கள்.

எழுதும்போது: குணம், சித்திரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை என்றாலும் புணர்ச்சி தமிழ் முறைதான். மரச்சட்டம் போல மகரம் கெட்டு ஒற்று மிகும். ஆகவே 'குணசித்திரம்' அல்ல, குணச்சித்திரம். தனித்தமிழ் வேண்டுவோர் பண்போவியம் என்று ஆக்கலாம். ஆனால் பண்போவிய நடிகை என்றால் வாசகர் ஒரு கணம் தயங்குவார். பழகிய சொல்லையே நான் பரிந்துரைப்பேன். பால் சுட்டத் தேவையில்லாத இடத்தில் குணச்சித்திரக் கலைஞர் என்று எழுதலாம். அங்கே க் மிகும்.